கூட்டாமல் விட்ட முப்பது வாட்

போன மாதம் எங்கள் பழைய கடை ஆட்களின் வாட்ஸாப் குழுவில் ரவி ஒரு கேள்வி போட்டிருந்தான். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவன், இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. “அங்கிள், மகனுக்கு கேம் விளையாட பிசி கட்டுறேன். அறுநூத்தம்பது வாட் போதுமா, எழுநூத்தம்பது போடலாமா?”

“கூட்டிப் பாத்தியா?” என்று கேட்டேன்.

அவ்வளவுதான், நாலு பேர் சிரிக்கிற பொம்மையை அனுப்பிவிட்டார்கள். “இப்பல்லாம் யாரு கூட்டுறா அங்கிள்? வெப்சைட்ல சாமான் பேரைத் தட்டினா நம்பர் தானா வந்துரும் லா” என்றான் ரவி.

வரட்டும். நன்றாக வரட்டும். எனக்கு அதில் பொறாமை இல்லை. ஆனால் ‘யார் கூட்டுறா’ என்று கேட்டானே, அதற்கு மட்டும் பதில் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கூட்டாமல் விட்டதால் நான் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன். அதை என் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைத்த இரண்டு பேருக்கு நான் இன்றுவரை கடன்பட்டவன். வாட்ஸாப்பில் எழுதினால் இதற்கும் பொம்மை போடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் செந்தூல்காரன். எழுபதுகளில் ரேடியோ பழுது பார்த்தேன், எண்பதுகளில் டிவி. தொண்ணூறு பிறந்தபோது ஜனங்கள் டிவியை ரிப்பேர் செய்வதை விட்டுவிட்டுப் புதிது வாங்கத் தொடங்கினார்கள். எனக்கு முப்பத்தெட்டு வயது, இரண்டு பிள்ளைகள், கையில் ஒரு சோல்டரிங் அயர்ன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ஆள் தேவை என்று நண்பன் சொன்னான். மாடிப்படி ஏறிப் போனேன். என்னைக் கேள்வி கேட்க உட்கார்ந்திருந்தவர் என்னைவிட ஒன்பது வயது சின்னவர்.

அவர் பெயர் யோகேஸ்வரி. எல்லாருக்கும் மிஸ் யோகா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்க உத்தியோகம், இவர் எஞ்சினியரிங் படித்துவிட்டு சர்வீஸ் பிரிவுக்குத் தலைமையாக இருந்தார். பருத்திப் புடவை, ஆம்பளை கைக்கடிகாரம், கைப்பையில் குடையோடு ஒரு ஸ்குரூடிரைவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. எல்லாரையும் ‘ங்கோ’ போட்டுத்தான் பேசுவார், டீ கொண்டு வருகிறவரைக்கூட.

“கம்ப்யூட்டர் திறந்து பாத்திருக்கிறீங்களோ?” என்று கேட்டார்.

“இல்ல மிஸ். டிவிதான்.”

“டிவியில கை வைக்கிறதுக்கு முதல் என்ன செய்வீங்கள்?”

“ஒயரைப் புடுங்கிட்டு, பிக்சர் டியூப்ல தேங்கியிருக்கிற கரண்ட்டை எடுத்து விடுவேன் மிஸ். இல்லாட்டி ஆளைத் தூக்கி எறிஞ்சிரும்.”

“அப்ப நாளைக்கு வாங்கோ” என்றார். நேர்முகத் தேர்வு அத்தோடு முடிந்தது. வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல காலம் அது என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. ‘இந்தப் பொம்பளை கிட்ட கை கட்டி நிக்கணுமா’ என்றுதான் படியிறங்கினேன். ஆண் புத்தி, வேறென்ன சொல்ல?

ஆறே மாதத்தில் கற்றுக்கொண்டேன். கம்ப்யூட்டர் ஒன்றும் பிரமாதமில்லை, டிவியைவிடச் சுலபம். எல்லாம் சொருகுகிற வேலைதான். சொருக முடியாத ஒன்று இருந்தது. அதுதான் கணக்கு.

அந்தக் காலத்தில் பவர் சப்ளையை யாரும் தனியாக வாங்கவில்லை. பெட்டி வாங்குவார்கள். உயரமான பெட்டி, குட்டைப் பெட்டி, முன்னால் சிவப்பு எழுத்தில் நம்பர் மினுக்குகிற பெட்டி. அதற்குள் பவர் சப்ளையும் சேர்ந்தே வரும். அதன் முதுகில் இருநூறு வாட், இருநூற்றைம்பது வாட் என்று ஒட்டியிருப்பார்கள். மற்ற கடைகளில் அதை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் கடையில் அப்படி நடக்காது. சர்வீஸ் அறையின் மேசையில் ஒரு தராசு இருந்தது. ஆமாம், சமையலறையில் மாவு நிறுக்கிற அதே தராசு. புதுச் சரக்கு வந்தால் மிஸ் யோகா பவர் சப்ளைகளைக் கழற்றி ஒவ்வொன்றாக நிறுப்பார். எடை குறைந்தால் சப்ளையருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்.

சப்ளையர் கொதிப்பார். “மிஸ், லேபிள்ல இருநூத்தம்பதுன்னு போட்டிருக்கு இல்ல?”

“லேபிள் ஆரும் ஒட்டலாம். உள்ளுக்க செம்புக் கம்பியும் இரும்பும் இல்லாம பாரம் எங்க இருந்து வரும்?”

அடுத்தது சீட்டு. ஒவ்வொரு மெஷின் கட்டும்போதும் ஒரு சின்னத் தாளில் உள்ளே போகிற சாமான் எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும். போர்டும் புரோசசரும் இத்தனை வாட், மெமரியும் கார்டுகளும் இத்தனை, ஹார்ட் டிஸ்க் இத்தனை, சிடி டிரைவ் இத்தனை. சுற்றிக்கொண்டிருக்கும்போது தின்கிற வாட்டை எழுதினால் ஏற்க மாட்டார். சுற்றத் தொடங்குகிற அந்த நொடியில் எவ்வளவு கேட்கிறதோ அதைத்தான் எழுத வேண்டும். “நிக்கிற லொறியைத் தள்ளிப் பாருங்கோ, ஓடுற லொறியைத் தள்ளிப் பாருங்கோ. எது கஷ்டம்?” என்பார். எல்லாவற்றையும் கூட்டி, வந்த தொகையில் மூன்றில் ஒரு பங்கை மேலே சேர்த்து, அதற்குக் குறையாத பவர் சப்ளையைப் போட வேண்டும். அந்த மூன்றில் ஒரு பங்கு நம் ஊர் வெயிலுக்கு. கீழே கூட்டியவர் கையெழுத்து. ஒரு சீட்டு பெட்டிக்குள்ளே ஒட்டப்படும், கார்பன் நகல் ஃபைலுக்குப் போகும்.

நாம் எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “கூட்டிக் காட்டுங்கோ.”

எங்களுக்கு எரிச்சலாக வரும். அவர் இல்லாதபோது அவரைப் போலவே பேசிச் சிரிப்போம். டீக்கடையில் ரொட்டி சானாய்க்குப் பில் வந்தால், “கூட்டிக் காட்டுங்கோ” என்று கத்துவோம். கடைக்காரருக்கு ஒன்றும் புரியாது.

கஸ்டமர்கள் இன்னொரு ரகம். பெரிய வாட் போட்டால் கரண்ட் பில் ஏறிவிடும் என்று பயப்படுவார்கள். போர்ட் கிள்ளானில் லோரி கம்பெனி வைத்திருந்த ஒருவர் ஒற்றைக் காலில் நின்றார். “போஸ், எனக்கு இருநூறே போதும். முன்னூறு போட்டா முன்னூறும் தின்னும் இல்ல?” நான் விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். மிஸ் யோகா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார், “பானை பெரிசெண்டா வீட்டில இருக்கிற ஆக்கள் கூடச் சோறு திம்பினமோ? எத்தினை பேர் இருக்கினமோ அவ்வளவுதானே சாப்பாடு?” லோரிக்காரர் சிரித்துக்கொண்டே முன்னூறு வாங்கிப் போனார். அந்தப் பானைக் கதையைப் பிறகு நான் நூறு பேரிடம் என் கதையாகச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் சேர்த்து ஒரு நன்றி.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

கிள்ளானில் ஒரு சின்ன அச்சகம். கல்யாணக் கார்டு, கோயில் நோட்டீஸ், காலண்டர் போடுவார்கள். முதலாளி சிவலிங்கம். அடித்துப் பேசுவார், அன்னதானத்துக்கு அள்ளிக் கொடுப்பார், நல்ல மனிதர்தான். அவருக்கு நான்தான் மெஷின் கட்டினேன். சாமான்களைக் கூட்டினேன், நூற்றைம்பது வந்தது. மூன்றில் ஒரு பங்கு ஐம்பது. மொத்தம் இருநூறு. அவர் கேட்ட குட்டைப் பெட்டியோடு வந்தது இருநூறு வாட். தராசிலும் பாஸ். கையெழுத்துப் போட்டு ஒட்டினேன். தப்பே இல்லை.

நாலு மாதம் கழித்து அவர் ஃபோன் செய்தார். பக்கங்களை ஃபிலிம் எடுக்கிற கடைக்குக் கொண்டுபோக ஃபிளாப்பி போதவில்லை, கார்ட்ரிட்ஜ் டிரைவ் ஒன்று மாட்ட வேண்டும் என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கார்ட்ரிட்ஜ் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு தட்டு. அதை டிரைவுக்குள் தள்ளினால் உள்ளே மோட்டார் ஒன்று உறுமிக்கொண்டு சுற்றும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் அதில் கொள்ளும். நான் போனேன், அரை மணியில் மாட்டினேன், ஓட்டிக் காட்டினேன், டீ குடித்தேன், வந்துவிட்டேன். சீட்டைப் பற்றி எனக்கு ஞாபகமே வரவில்லை. சீட்டு என்பது புது மெஷினுக்கு என்று மனசில் பதிந்துபோயிருந்தது. ஒரு டிரைவ்தானே!

அந்த மெஷினில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற பெண்ணின் பெயர் புஷ்பா. கம்போங் மேடானிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். இருபத்து நாலு இருபத்தைந்து வயது இருக்கும். வீட்டில் அம்மா மட்டும். தமிழ் அடிப்பதில் அவள் வேகத்துக்கு நான் வேறு ஆளைப் பார்த்ததில்லை.

டிரைவ் மாட்டிய சில வாரத்தில் புகார் வந்தது. கார்ட்ரிட்ஜைத் தள்ளினால் சில சமயம் மெஷின் தானாக அணைந்து மறுபடி ஏறுகிறது. ரவி ஒரு தடவை போய்ப் பார்த்தான், ஒன்றும் இல்லை. இன்னொரு தடவை போனான், ஒன்றும் இல்லை. மூன்றாம் தடவை நான் போனேன். காலை பத்து மணி. மெஷினின் நெற்றியில் திருநீறும் சந்தனமும் குங்குமமும். ஆயுத பூஜைக்குப் போட்ட மாலைகூட இன்னும் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் விசிறியில் பேப்பர் வெட்டும் மெஷினின் தூசியோடு திருநீறும் அப்பியிருந்தது. ஊதிச் சுத்தம் செய்தேன். ஆறு தடவை கார்ட்ரிட்ஜ் போட்டேன், ஆறு தடவையும் ஓடியது.

“பாத்தீங்களா!” என்றார் சிவலிங்கம். “நீங்க போட்டா ஓடுது. நான் காலைல சாமி கும்பிட்டுட்டு வந்து போட்டா ஓடுது. இந்தப் புள்ள போட்டா மட்டும் படுத்துக்குது. கை சரியில்ல போஸ், கை ராசி இல்ல.”

புஷ்பாவைப் போடச் சொன்னேன். முதலாளி தலைமாட்டில் நின்று முறைக்கிறார், பாவம், அவரையே திரும்பிப் பார்த்தாள். டிரைவின் நெம்புகோலைப் பாதி தள்ளியதும் நின்றுவிட்டாள். டிரைவ் கீச்சென்றது. எனக்கு அது போதும். அன்று எனக்கு ஷா ஆலாமில் இன்னொரு வேலை இருந்தது, எங்கள் கடை மூன்றாவது தடவையாக ஒன்றுமில்லாததுக்கு ஆள் அனுப்பிய கோபம் வேறு. எங்கள் சர்வீஸ் ரிப்போர்ட்டில் மூன்று கட்டங்கள் உண்டு. சாமான் கோளாறு, சாஃப்ட்வேர் கோளாறு, உபயோகிப்பவர் தவறு. மூன்றாவதில் டிக் போட்டேன். கீழே ஆங்கிலத்தில் எழுதினேன், ‘ஆபரேட்டர் புஷ்பா கார்ட்ரிட்ஜைச் சரியாகக் கையாளவில்லை’ என்று. பெயரைக்கூட எழுதினேன் பாருங்கள். எழுதும்போது அவள், “இல்லண்ணே, அது...” என்று ஏதோ சொல்ல வந்தாள். நான் தாளைக் கிழித்து முதலாளியிடம் நீட்டிவிட்டு வேனில் ஏறிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மதியம், எங்கள் கடை மாடிப்படியில் புஷ்பா ஏறி வந்தாள். வியர்த்துப்போயிருந்தாள். கையில் அந்த ரிப்போர்ட்டின் போட்டோஸ்டாட்.

“இதை எழுதுனது நீங்கதானே அண்ணே?”

“ஆமாம்மா. ஏன்?”

“வேலையை விட்டு நிறுத்திட்டாங்க.”

கோயில் கும்பாபிஷேக மலர் ஒன்று, அறுபத்து நாலு பக்கம், அவள் ஒரு மாதமாக அடித்தது. கடைசியாகக் கார்ட்ரிட்ஜில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மெஷின் அணைந்தது. ஏறி வந்தபோது மலர் இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலும் கெட்டுப்போயிருந்தது, கார்ட்ரிட்ஜிலும் கெட்டுப்போயிருந்தது. சிவலிங்கம் என்னுடைய தாளை எடுத்து அவள் முகத்துக்கு முன்னால் ஆட்டியிருக்கிறார். அதோடு விடவில்லை. கிள்ளானில் மற்ற இரண்டு அச்சகத்திலும் கேட்டுப் பார்த்திருக்கிறாள். ‘மெஷினைக் கெடுக்கிற கை’ என்ற பேச்சு அவளுக்கு முன்னால் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

“எனக்குத் தெரிஞ்சது இந்த ஒரு வேலைதாண்ணே” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பையிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். “தினம் ஏச்சு வாங்கினேன் இல்ல, அதான் எழுதி வச்சேன். என்னைக்கு, எத்தனை மணிக்கு, அப்ப என்ன செஞ்சிட்டிருந்தேன்னு. அன்னைக்கு உங்ககிட்ட காட்டத்தான் வந்தேன். நீங்க கேக்கல.”

பின்னாலிருந்து ஒரு கை வந்து நோட்டை எடுத்தது. மிஸ் யோகா நின்றபடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தார். அவசரமே படவில்லை. புஷ்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். படித்து முடித்துவிட்டு என்னைக் கேட்டார்.

“பத்தொன்பது தரம் நிண்டிருக்கு. ஒண்டுகூட காலமை இல்லை. எல்லாம் ரெண்டு மணிக்குப் பிறகு. குணா, இவவுக்குக் காலமை ஒரு கை, பின்னேரம் வேற கையோ?”

நான் நோட்டை எட்டிப் பார்த்தேன்.

“காலமையும் நீங்கள் கார்ட்ரிட்ஜ் போடுறனீங்களோ?” என்று புஷ்பாவைக் கேட்டார்.

“போடுவேன் மிஸ். அப்பல்லாம் ஒன்னும் ஆகாது. தகரக் கூரை, மத்தியானத்துல உள்ள உக்கார முடியாது. ஃபேன் ஒன்னுதான்.”

மிஸ் யோகா ஃபைலைத் திறந்தார். என் கார்பன் நகல். அதில் ஐந்து வரி இருந்தது, கார்ட்ரிட்ஜ் டிரைவ் இல்லை. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் ‘கஸ்டமர் அவசரப்படுத்தினாரு மிஸ்’ என்று சொல்ல வாயைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“கூட்டிக் காட்டுங்கோ.”

நாங்கள் டீக்கடையில் கத்திச் சிரிக்கிற அதே சொல். அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருக்க, பேனாவை எடுத்துக் கூட்டினேன். ஏற்கெனவே நூற்றைம்பது. கார்ட்ரிட்ஜ் மோட்டார் கிளம்புகிறபோது முப்பது. நூற்றெண்பது. மூன்றில் ஒரு பங்கு அறுபது. இருநூற்று நாற்பது. உள்ளே இருப்பது இருநூறு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை போடுகிற கணக்கு அது. காலையில் குளிர்ச்சியாக இருக்கும்போது எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. மத்தியானம் தகரக் கூரை சூட்டில், தூசி அடைத்த விசிறியோடு, முடியாமல் மயங்கி விழுந்திருக்கிறது. வெயிலுக்கென்று ஒதுக்கி வைத்த பங்கைத்தான் நான் அந்த டிரைவுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

“முன்னூறு வாட் ஒண்டை நிறுத்து எடுங்கோ. உங்கட ஊசி மீட்டரையும் எடுங்கோ. வேன் சாவி எங்க?” என்றார் மிஸ் யோகா.

மூன்று பேரும் கிள்ளானுக்குப் போனோம். நான் ஓட்டினேன், கண்ணாடியில் பின்னால் உட்கார்ந்திருந்த புஷ்பாவின் முகம் தெரிந்தது. அதைப் பார்க்காமல் ஓட்டுவது பெரும் பாடாக இருந்தது.

மூன்று மணிக்கு உள்ளே நுழைந்தோம். புஷ்பாவைப் பார்த்ததும் சிவலிங்கத்துக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “இதை ஏன் கூட்டிட்டு வந்தீங்க? அதான் உங்காளே எழுதிக் குடுத்துட்டாரே!”

“எங்கட ஆள் எழுதினது சரியோ எண்டு பாக்கத்தான் வந்தனாங்கள்” என்றார் மிஸ் யோகா.

“பவர் சப்ளை கோளாறுன்னா காலைல மட்டும் எப்படி மிஸ் ஓடும்?”

“நல்ல கேள்வி. இருந்து பாருங்கோ.”

பெட்டியைத் திறந்தேன். ஐந்து வோல்ட் கம்பியில் என் பழைய ஊசி மீட்டரை மாட்டினேன். அது டிவி ரிப்பேர் காலத்து மீட்டர். புது டிஜிட்டல் மீட்டர் எங்களிடம் இருந்தது, ஆனால் அது நிதானமாக எண்ணிச் சொல்லும். கண் சிமிட்டுகிற நேரத்தில் வோல்ட் விழுந்து எழுந்தால் அதற்குத் தெரியாது. ஊசி அப்படியில்லை, உடனே துள்ளிக் காட்டிவிடும். மெஷினைப் போட்டு அரை மணி நேரம் சூடேறவிட்டோம். பேப்பர் வெட்டுகிறவர், அச்சு ஓட்டுகிறவர், எல்லாரும் வேலையை விட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

“இப்ப கார்ட்ரிட்ஜைப் போடுங்கோ” என்றார் மிஸ் யோகா. புஷ்பா கையை நீட்டினாள். “நீங்கள் இல்லை. முதலாளி போடட்டும்.”

சிவலிங்கம் திகைத்தார். பிறகு சட்டைக் கையை மடித்துவிட்டு, சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கார்ட்ரிட்ஜைத் தள்ளினார். மோட்டார் உறுமியது. ஊசி ஐந்திலிருந்து சடாரென்று இடது பக்கம் சாய்ந்தது. திரை இருண்டது. மெஷின் மறுபடி ஏறி, மெமரியை முதலிலிருந்து எண்ணத் தொடங்கியது.

பேப்பர் வெட்டுகிற கிழவர் சிரித்துவிட்டார். “முதலாளி, உங்க கையும் போச்சா!”

“இன்னொரு தடவை” என்றார் சிவலிங்கம். மறுபடி போட்டார். மறுபடி அணைந்தது.

பழையதைக் கழற்றி முன்னூறு வாட்டை மாட்டினேன். சிவலிங்கம் மூன்று தடவை போட்டார், ஊசி இலேசாக ஆடியதோடு சரி. ‘அப்ப சாமான்தான் கோளாறா?’ என்று அவர் மிஸ் யோகாவைக் கேட்டார். மிஸ் யோகா ஒரு பதில் சொன்னால் போதும், ‘ஓம், சாமான் பிழை’ என்று சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு, “நான் வெளியில நிக்கிறன்” என்று போய்விட்டார்.

அப்போது அவர் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது. இப்போது நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. என் வாயால் சொல்ல வேண்டியதை அவர் எனக்காக விட்டுவிட்டுப் போனார்.

“சாமான் கோளாறு இல்லண்ணே” என்றேன். “என் கோளாறு. டிரைவை மாட்டும்போது நான் திரும்பக் கூட்டல. அப்புறம் வந்து பாத்தப்பவும் கூட்டல. பழியைத் தூக்கி இந்தப் புள்ள மேல போட்டுட்டுப் போயிட்டேன்.”

சிவலிங்கம் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. எல்லாமே நியாயமான கேள்விகள். கேட்டு ஓய்ந்த பிறகு, புஷ்பாவைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார், “சரி. திங்கக்கிழமை வந்துரு.”

அவள் நகரவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அண்ணே, அந்த ரிப்போர்ட் புக்கு வச்சிருக்கீங்களா? புதுசு ஒன்னு எழுதுங்க. அதுல எம்பேரைப் போட்டீங்க இல்ல? இதுலயும் போடுங்க.”

எழுத ஆரம்பித்தேன். இரண்டு வார்த்தை போனதும் அவள் விரலால் தாளை அழுத்தினாள்.

“இங்கிலீஷ் வேணாம்ணே. தமிழ்ல எழுதுங்க. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வேலை போனதுல இருந்து என்னடி செஞ்சேன்னு கேட்டுக்கிட்டே இருக்கு.”

அந்தத் தாளைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். அத்தனை வருஷ வேலையில் நான் தமிழில் எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட் அது ஒன்றுதான். ‘கம்ப்யூட்டர் அணைந்து போனதற்குக் காரணம் பவர் சப்ளை போதாமை. அதைச் சரியாகக் கணக்கிடாதது என் தவறு. தட்டச்சு செய்பவர் புஷ்பா மீது எந்தத் தவறும் இல்லை. என் முந்தைய ரிப்போர்ட் பொய்யானது.’ கையெழுத்துப் போட்டேன். அவள் வாங்கி இரண்டு முறை படித்தாள். பிறகு முதலாளியிடம் நீட்டினாள்.

“நீங்களும் ஒரு கையெழுத்து போடுங்க முதலாளி.”

“நான் எதுக்கு?”

“மத்த ரெண்டு பிரெஸ்ஸுக்கும் சொன்னது நீங்கதானே?”

அவர் சட்டைப் பையைத் தடவிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டார். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “திங்கக்கிழமை வரைக்கும் எதுக்கு? மலரை முதல் பக்கத்துல இருந்து அடிக்கணும். தள்ளுங்கண்ணே.”

எனக்குப் போகக் கால் வரவில்லை. வெளியே போய் மிஸ் யோகாவிடம் கேட்டேன், “மிஸ், நான் இருந்து அந்தக் கையெழுத்துப் பிரதியை வாசிச்சுக் குடுக்கட்டுமா? பாத்து அடிக்கிறதைவிட கேட்டு அடிச்சா சீக்கிரம் முடியும்.” அவர் என் கையிலிருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார். “பஸ்ஸில வாங்கோ” என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று ஆறு மணி வரை வாசித்தேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கடுத்ததும் போனேன். தலைவர் உரை, தல வரலாறு, நன்கொடையாளர் பட்டியல், எல்லாவற்றையும் நான் சத்தமாக வாசிக்க அவள் அடித்தாள். நாலாவது சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பக்கம் முடிந்தது. கூரை கொதித்துக்கொண்டிருந்தது. புஷ்பா கார்ட்ரிட்ஜை எடுத்ததும் அச்சு மெஷின் நின்றது, வெட்டுகிற மெஷின் நின்றது. எல்லாரும் வந்து பின்னால் நின்றார்கள், சிவலிங்கம் உட்பட.

அவள் நெம்புகோலை ஒரே தள்ளாகத் தள்ளினாள். மோட்டார் உறுமியது. திரை அப்படியே நின்றது. அறுபத்து நாலு பக்கமும் ஒவ்வொன்றாக ஏறின.

முடிந்ததும் அவள் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பி எல்லாருக்கும் காட்டினாள்.

“அதே கைதாண்ணே” என்றாள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாற்பது வயது ஆம்பளை, அத்தனை பேர் முன்னால் நின்று அழுதேன். பேப்பர் வெட்டுகிற கிழவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டீ வாங்கிவரப் போனார்.